செடித்தொட்டியில் இலை சிவக்கவும் பாசி அடங்கவும்: உரச் சமநிலைக்கு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் செடித்தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "உரத்தை நிறுத்திட்டேனுங்க, ஆனாலும் பாசி அடங்க மாட்டேங்குதுங்க." பாசிக்கு உரம்தான் காரணம் என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பாசிக்கு வேண்டிய சத்து மிகக் கொஞ்சம். மீன் எச்சத்திலிருந்தே அது கிடைத்துவிடும். உரம் நின்றால் முதலில் வாடுவது செடி. வாடிய இலை அழுகி, அந்தக் கழிவு பாசிக்குத் தீனியாகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். தண்ணீர், வெளிச்சம், கேஸ், அதற்கு அப்புறம் உரம். முந்தையது சரியாகாமல் அடுத்ததற்குப் போனால், எதனால் என்ன ஆயிற்று என்றே பிடிபடாது. கீழே வரும் அளவுகள் எல்லாம் கார்பன் டை ஆக்சைடு கேஸ் ஓடும், செடி நெருக்கமாக வளரும் தொட்டிக்கானவை. கேஸ் இல்லாத தொட்டிக்கு வெளிச்சம் குறைவாகப் போதும், உரம் கால்வாசி போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு, இரண்டு 500 மி.லி. பாட்டில்கள், கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) மற்றும் நைட்ரேட் சொட்டு டெஸ்ட் கிட், டிராப் செக்கர் (கேஸ் அளவை நிறத்தில் காட்டும் சின்னக் குப்பி), ஒரு நோட்டு. தராசு இல்லாமல் ஸ்பூனில் அளக்காதீர்கள். ஒவ்வோர் உப்பும் ஒவ்வொரு கனம். நைசான பொடியும் குருணையும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது.

தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் வருவது கண்ணாடிப் பெட்டியின் கொள்ளளவு. மண்ணும் கல்லும் கட்டையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிரப்பும்போது வாளியை எண்ணி ஊற்றுவதே நம்பகமான வழி. மூன்றடி தொட்டியில் பெரும்பாலும் 100 லிட்டர் சுற்றித்தான் நிற்கும். இங்கே எல்லாக் கணக்கும் அந்த 100 லிட்டருக்குத்தான்.

2. எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள்

கொங்குப் பகுதியில் இதைத் தாண்டிவிட்டுப் போகவே முடியாது. ஒரே வீட்டில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி, மற்றொன்றில் உப்புத் தண்ணி. சிறுவாணித் தண்ணீர் மிக மென்மையானது. போர் தண்ணீர் பல இடங்களில் கல் போலக் கடினம். கோவையில் சிறுவாணி வரும் வீட்டுக்காரர் செய்து பார்த்து நன்றாக வந்த முறையை, திருப்பூரில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர் அப்படியே செய்தால் அதே பலன் வராது.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. செடிக்கு முக்கியம் கேஎச். அதைச் சொட்டு கிட்டில் பாருங்கள். சிவப்புச் செடிகளுக்குக் கேஎச் 3 முதல் 6 வரை இருந்தால் நிம்மதி. ரோட்டாலா மக்ராண்ட்ரா போன்ற சில செடிகள் அதற்கு மேல் போனால் சுருண்டுவிடும். லுட்விஜியா, ஆல்டெர்னாந்தெரா, கிரிப்டோகோரைன் ஓரளவு கடினத் தண்ணீரையும் தாங்கும்.

போர் தண்ணீரின் கேஎச் 16 என்றால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்தால் 4 வரும். சிறுவாணி மட்டும் ஊற்றுகிறவர்கள் இதைத் திருப்பிச் செய்யலாம். கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தாலே கால்சியமும் மக்னீசியமும் வந்து சேரும், அதற்காகத் தனி உப்பு வாங்க வேண்டியதில்லை. விகிதத்தை ஒருமுறை முடிவு செய்தபின் வாரா வாரம் மாற்றாதீர்கள்.

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் தடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, அடுக்குமாடி வீடுகளில் உப்பு போட்டு ஓட்டும் சாப்ட்னர் தண்ணீர். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. கையில் மென்மையாகத் தெரியும், கேஎச் இறங்கியிருக்காது. இதைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். இரண்டாவது, தோட்டத்துக் கிணறுகளிலும் போர்களிலும் நைட்ரேட் முன்பே கலந்திருப்பது. அதை அளக்காமல் மேலே உரம் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும். மூன்றாவது, குழாய்த் தண்ணீரின் குளோரின். சம்பில் இரண்டு நாள் நின்ற தண்ணீரில் பெரும்பாலும் போயிருக்கும். அன்றைக்குப் பிடித்த தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

3. வெளிச்சத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்

செடியின் பசியை முடிவு செய்வது வெளிச்சம். அது கூடினால் கேஸும் உரமும் அதற்கேற்பக் கூட வேண்டும். ஆகவே குறைத்து ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு. புதுத் தொட்டியில் முதல் ஒரு மாதம் 6 மணி நேரம், லைட்டின் பாதி வெளிச்சம் போதும். குறைக்கும் வசதி இல்லாத லைட் என்றால் அரையடி உயர்த்திக் கட்டுங்கள். செடி வேர் பிடித்துப் புதுத்தளிர் விட்டபின் படிப்படியாக 8 மணி நேரத்துக்குப் போகலாம். அதற்கு மேல் தேவையில்லை.

காலை வெயில் நேரே விழும் திண்ணையிலும் ஜன்னலோரத்திலும் தொட்டி வைக்காதீர்கள். உங்கள் டைமருக்கு அடங்காத வெளிச்சம் அது. தண்ணீரே பச்சையாக மாறும் தொட்டிகளில் பல இப்படி வைத்தவை.

4. கேஸ்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

உரத்துக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களின் தொட்டியைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கேஸ்தான் ஒழுங்காக இருக்காது. செடியின் உலர்ந்த எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் கார்பன். அது போதாமல் நைட்ரேட்டும் இரும்பும் எவ்வளவு கொட்டினாலும் செடியால் வாங்கிக்கொள்ள முடியாது.

இலக்கு 30 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம். அதை அறிய இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் செய்யுங்கள். டிராப் செக்கரில் கேஎச் 4 உள்ள கரைசலோடு அதற்கான நிறத்துளியைப் போட்டால், சரியான அளவில் இளம்பச்சை காட்டும். நீலம் என்றால் போதவில்லை, மஞ்சள் என்றால் கூடுதல். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஊற்றினால் நிறம் பொய் சொல்லும். நிறம் மாற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், லைட் எரியும் நேரத்தின் நடுவில் பாருங்கள்.

இரண்டாவது வழி பிஎச். தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஒரு நாள் திறந்து வைத்து அளந்துகொள்ளுங்கள். கேஸ் ஓடும்போது தொட்டியில் அளந்தால் அதைவிட 1 குறைந்திருக்க வேண்டும். அதாவது டம்ளரில் 7.6 என்றால் தொட்டியில் 6.6. நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என்று அடுத்தவரைக் கேட்டு வைப்பதில் பயனில்லை. டிப்யூசரும் (கேஸைப் பொடிக் குமிழாக்கித் தண்ணீரில் கரைக்கும் கருவி) தொட்டியும் நீரோட்டமும் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும்.

லைட் எரிவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கேஸ் திறக்க வேண்டும். லைட் எரிந்த முதல் நிமிடத்திலிருந்தே செடி வேலையைத் தொடங்கும், அப்போது கேஸ் கரைந்து தயாராக இருக்க வேண்டும். லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடலாம். இரவில் செடிக்கு அது வேண்டாம், மீனுக்கோ ஆபத்து.

நீரோட்டத்தையும் கவனியுங்கள். பில்டர் ஓடும்போது தொட்டியின் எல்லா மூலையிலும் இலைகள் லேசாக ஆட வேண்டும். ஆடாத மூலையில் கேஸும் போகாது, உரமும் போகாது. பாசி முதலில் அங்கேதான் பிடிக்கும்.

கேஸைக் கூட்டும்போது ஒரே நாளில் கூட்டாதீர்கள். தினம் சிறிது கூட்டி, வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கேஸை மூடி, ஏர் பம்பை ஓடவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

5. உரக்கடையில் எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் சொட்டுநீர்ப் பாசனம் பரவியிருப்பதால், தண்ணீரில் முழுதாகக் கரையும் உரம் எந்த உரக்கடையிலும் ஒரு கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும். செடித்தொட்டிக்கு என்று பாட்டிலில் விற்கும் பேருரமும் (நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் தருவது) பெரும்பாலும் இதே உப்புகள்தான்.

வாங்க வேண்டியவை மூன்று: 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34, அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0:0:50, அதாவது பொட்டாசியம் சல்பேட். மென்மையான தண்ணீர் என்றால் மக்னீசியம் சல்பேட்டும் கொஞ்சம். கரைத்துப் பார்த்தால் அடியில் கசடு நிற்கக் கூடாது.

தொடக் கூடாதது 19:19:19. "எல்லாச் சத்தும் சமமா இருக்குதுங்களே" என்று அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். வயலில் அது நல்ல உரம்தான். தொட்டியில் அது அம்மோனியா. பிஎச் கூடிய போர் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. மீன் செத்துப்போகும், மிஞ்சிய தண்ணீர் பச்சையாகும். 12:61:0 (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்), யூரியா இரண்டும் அதே காரணத்தால் வேண்டாம்.

இரும்பு போன்ற, கொஞ்சமே வேண்டிய நுண்சத்துக்கு மட்டும் உரக்கடையை நம்பாமல், மீன்தொட்டிக்கென்று செய்த பாட்டிலை வாங்குங்கள். வயலுக்கு விற்கும் கலவையில் செம்பு கூடுதலாக இருக்கலாம். இறாலுக்குச் செம்பு ஆகாது. இரும்பு கசடாகாமல் பிடித்து வைக்கும் பொருள் ஈடிடிஏவா, டிடிபிஏவா என்று லேபிளில் பாருங்கள். ஈடிடிஏ இரும்பு பிஎச் 6.5க்கு மேல் நிலைக்காது. நம் பக்கத்துத் தண்ணீருக்கு டிடிபிஏ இரும்புதான் பொருத்தம், அது 7.5 வரை தாங்கும்.

6. கரைசல் கலக்குவது

முதல் பாட்டில், பேருரம். 500 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் 13:0:45 உரம் 40 கிராம், 0:52:34 உரம் 6 கிராம், 0:0:50 உரம் 15 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுக் குலுக்குங்கள். பொட்டாசியம் சல்பேட் கரைய நேரம் பிடிக்கும், அதைக் கடைசியில் போடுங்கள்.

இதில் 10 மி.லி. எடுத்து 100 லிட்டரில் விட்டால் நைட்ரேட் சுமார் 4.6 பிபிஎம், பாஸ்பேட் 0.8 பிபிஎம், பொட்டாசியம் 4.6 பிபிஎம் ஏறும். வாரம் மூன்று முறை விட்டால் நைட்ரேட் 14, பாஸ்பேட் 2.5, பொட்டாசியம் 14 என்று வரும்.

இரண்டாவது பாட்டில், இரும்பு. 500 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் 11 சதவீத டிடிபிஏ இரும்பு 4.5 கிராம். 10 மி.லி.க்கு 0.1 பிபிஎம் இரும்பு கிடைக்கும். வெளிச்சம் பட்டால் இது கெடும், ஆகவே கருப்புத்தாள் சுற்றி வையுங்கள். மற்ற நுண்சத்துகளைக் கடைப் பாட்டிலில் சொன்ன அளவில் பாதியாகத் தொடங்குங்கள். அந்தப் பாட்டிலில் இரும்பும் இருந்தால் உங்கள் இரும்புக் கரைசலைப் பாதியாக்குங்கள்.

இரண்டு பாட்டிலையும் ஒன்றாக ஊற்றி வைக்கக் கூடாது. பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்தால் கரையாத கசடாகப் படிந்துவிடும், செடிக்கு இரண்டுமே கிடைக்காது. தொட்டியிலும் ஒரே நாளில் விடாமல் நாள் மாற்றி விடுவது இதனால்தான்.

7. வார ஓட்டம்

ஞாயிறு பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அன்றே பேருரம். திங்கள் இரும்பும் நுண்சத்தும். செவ்வாய் பேருரம், புதன் இரும்பு, வியாழன் பேருரம், வெள்ளி இரும்பு. சனி ஒன்றும் வேண்டாம். காலையில் லைட் எரியும் முன்பே விட்டுவிடுங்கள்.

பாதித் தண்ணீர் மாற்றுவதுதான் இந்த முறைக்கு அச்சாணி. வாரம் 14 பிபிஎம் சேர்த்து வாரம் பாதி மாற்றினால், செடி ஒரு துளியும் எடுக்காவிட்டாலும் நைட்ரேட் 28ஐத் தாண்டிச் சேராது. தினமும் டெஸ்ட் பண்ண வேண்டிய அவசியம் இதனால் இல்லாமல் போகிறது. அமெரிக்க நீர்ச்செடி வல்லுநர் டாம் பார் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இன்டெக்ஸ் என்ற உர முறையின் அடிப்படை இதுதான். நான் கொடுத்திருக்கும் அளவு அதைவிடக் கொஞ்சம் குறைவு. மாற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் 10க்கு மேல் இருந்தால் 13:0:45 உரத்தை 20 கிராமாகக் குறைத்து, 0:0:50 உரத்தை 30 கிராமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

8. இலையைப் பார்த்து அளவைத் திருத்துவது

இரண்டு வாரம் அளவை மாற்றாமல் ஓட்டியபின்தான் இந்தப் படிக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, குறை அடியிலையிலா, தளிரிலா என்பது. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பும். ஆகவே இவை குறைந்தால் அடியிலையில் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது, குறை தளிரில் தெரியும்.

அடியிலை முழுதும் மஞ்சளானால் நைட்ரேட் போதவில்லை. அடியிலையில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பொட்டாசியம். நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளிறியும் அடியிலை இருந்தால் மக்னீசியம். அதே வெளிறல் தளிரில் என்றால் இரும்பு. தளிர் கொக்கி போல வளைந்து சுருங்கினால் கால்சியம் என்பார்கள். ஆனால் நம் கடினத் தண்ணீரில் அப்படி வந்தால் முதலில் கேஸைச் சந்தேகப்படுங்கள்.

கெட்டுப்போன இலை மறுபடி பச்சையாகாது. அதற்காகக் காத்திருந்து, பலனில்லை என்று மேலும் மேலும் உரம் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். பழைய இலையை நறுக்கிவிட்டு, அதன் பின் வரும் இலையை மட்டும் பாருங்கள்.

9. சிவப்பு ஏற்றுவது

இரும்பு ஊற்றினால் சிவப்பு வரும் என்பது பாதி உண்மை. இரும்பு குறைந்தால் செடி வெளிறும். தேவைக்கு மேல் கொடுத்தால் நிறம் அதற்கேற்பக் கூடாது.

எல்லாச் சிவப்புச் செடிக்கும் ஒரே வழியும் கிடையாது. ஆல்டெர்னாந்தெரா இயல்பிலேயே சிவப்பு. அதற்கு வயிறு நிறைய உரமும் நல்ல கேஸும் கொடுத்தால் போதும். லுட்விஜியாவும் ஏறக்குறைய அப்படித்தான். ரோட்டாலா ரோட்டண்டிபோலியா வகை வேறு. நைட்ரேட் தாராளமாக இருந்தால் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் நிற்கும், 5 பிபிஎம் பக்கம் இறங்கினால் சிவக்கும். பச்சையம் குறையும்போது செடி ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைக் கூட்டுவதுதான் காரணம்.

இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் நைட்ரேட்டை 8, 10 பிபிஎம்மில் நிறுத்துங்கள், பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இரும்பையும் குறைக்காதீர்கள். ரோட்டாலா இளஞ்சிவப்பாகும், ஆல்டெர்னாந்தெராவும் வாடாது. நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் சில நாள் ரத்தச் சிவப்பாகத் தெரிந்துவிட்டு நுனி குட்டையாகி நின்றுபோகும்.

வெளிச்சத்தைக் கூட்ட வேண்டிய நேரமும் இதுதான், இதற்கு முன்பு இல்லை. வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். கண்ணாடியில் பச்சைப் புள்ளி வேகமாக விழத் தொடங்கினால் ஒரு படி இறங்குங்கள். நெருங்கி வளர்ந்த புதரில் உள்ளே வெளிச்சம் போகாது, அடிப்பகுதி சிவக்காது. நுனியை ஒரு சாண் நீளம் வெட்டி நட்டு, அடியைப் பிடுங்கிவிடுங்கள்.

10. பாசி எது, அதற்குக் காரணம் எது

புதுத்தொட்டியில் வரும் பழுப்புத் தூசுப் பாசி தானே போய்விடும், துடைத்தால் போதும்.

கண்ணாடியிலும் பழைய இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளி வந்தால் பாஸ்பேட் குறைவு, அல்லது வெளிச்சம் கூடுதல். பாஸ்பேட்டைக் குறைத்தால் இது கூடும். உரத்துக்குப் பயப்படுகிறவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். 0:52:34 உரத்தை 6 கிராமிலிருந்து 8 கிராமாக்கி மூன்று வாரம் பாருங்கள்.

இலை ஓரத்தில் தாடி மாதிரி கருப்பு மயிர் நின்றால், கேஸ் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை என்று பொருள். பில்டரில் அழுக்குச் சேர்ந்திருந்தாலும் வரும். கேஸை நிலைப்படுத்தி, பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிடித்த இலைகளை வெட்டுங்கள். கட்டையிலும் கல்லிலும் உள்ளதற்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பில்டரை நிறுத்திவிட்டு சிரிஞ்சால் நேரே அதன் மேல் விட்டு, பத்து நிமிடம் கழித்து பில்டரை ஓட்டுங்கள். 100 லிட்டருக்கு ஒரு நாளில் 20 மி.லி.க்கு மேல் வேண்டாம். மெடிக்கலில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் கருப்பு இளஞ்சிவப்பாகிப் பின் வெளுத்தால் பாசி செத்துவிட்டது.

ஏடு மாதிரி நீலப்பச்சையாகப் படர்ந்து, கையில் எடுத்தால் சேற்று நாற்றம் அடிப்பது உண்மையில் பாசியல்ல, சயனோபாக்டீரியா. நைட்ரேட் பூஜ்யத்தில் இருக்கும், நீரோட்டம் இல்லாத, மண்ணில் கழிவு தேங்கிய இடத்தில் வரும். உறிஞ்சி எடுத்து, நைட்ரேட்டை 10க்கு ஏற்றி, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி, கேஸை நிறுத்தி, ஏர் பம்பை மட்டும் ஓட்டுங்கள். திறந்ததும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

தண்ணீரே பச்சையானால் அம்மோனியாவையும் வெயிலையும் தேடுங்கள். இதற்கும் மூன்று நாள் மூடி வைப்பது பலிக்கும்.

நத்தையும் இறாலும் விட்டால் பாசி போகும் என்று வாங்கி விடுகிறார்கள். அமானோ இறாலும் நெரைட் நத்தையும் நன்றாக மேயும்தான். காரணத்தைச் சரி செய்தபின் விட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

11. வெயில்காலமும் மின்தடையும்

ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டிலும் கரூரிலும் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் கேஸும் குறைவாகக் கரையும், மீனும் பாக்டீரியாவும் அதிக ஆக்சிஜன் கேட்கும். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சின்ன பேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படி ஆவியாகும் தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கேஎச் எகிறிவிடும். அந்த இரண்டு மாதம் வெளிச்சத்தை ஒரு மணி நேரம் குறைத்துவிடுவது நல்லது.

மாதப் பராமரிப்புக்கு காலையில் நிறுத்தும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வட்டமாகச் சுழலும் பழைய டைமர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கரண்ட் இல்லாத நேரம் அதுவும் நின்றுவிடும். எட்டு மணி நேரம் பின்தங்கி, அன்றிரவு லைட்டும் கேஸும் ஓடி, விடியற்காலையில்தான் அணையும். மறுநாளும் அதே கதை. பாட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறுங்கள், கரண்டில் கேஸைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வையும் அதில் மாட்டுங்கள்.

பராமரிப்பு நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால், முந்தின நாள் உரம் விடாமல், பாட்டரி ஏர் பம்பை எடுத்து வைத்து, அன்றைக்கு மீனுக்குத் தீனி போடாமல் விடுங்கள். கரண்ட் வந்ததும் பில்டர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். காற்று அடைத்துச் சில பில்டர்கள் உறுமிக்கொண்டே நிற்கும். அது ஓடி அரை மணி நேரம் ஆனபின் கேஸைத் திறக்கலாம்.